சன்னலடியில் வெளுத்த ஏலக்காய்

மலரு, பாண்டி, "மூட்டையைக் கட்டியாச்சா?" என்று சொந்தக்காரர்கள் எல்லாம் என்னை ஏன் கேலி செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். அம்மாவிடம் கேட்டால் ரெண்டு பங்கு கூட்டிச் சொல்வாள். அதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது நீங்கள் கைக்குழந்தைகள். நான் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டினேன். அம்மா, ஏலக்காய்க்கடை அண்ணாச்சி அனுப்பும் காயை நிறம் பார்த்துப் பிரித்துக் கொடுப்பாள். நம் வீட்டுச் சன்னலுக்கு எதிரே மாடிவீட்டுச் சுவர். பட்டப்பகலிலும் டியூப் லைட்டுதான். அதில் பச்சை எது, வெளுப்பு எது என்று தெரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பாள்.

அந்த மார்கழியில், இழுத்து மூடிய ஒரு சலூனிலிருந்து பெரிய கண்ணாடியை வாங்கிவந்து, மாடிவீட்டுக்காரரைக் கெஞ்சி, அவர் சுவரில் மாட்டினேன். வெயில் அதில் பட்டுத் திரும்பி, சன்னல் வழியே நடுவீட்டில் வந்து விழுந்தது. அம்மா பலகையை அங்கே போட்டு உட்கார்ந்து, "இப்பத்தான் காய் காயாத் தெரியுது" என்றாள். ஜீப்பு ஸ்டாண்டில் நான் அடித்த பெருமையைக் கேட்டவர்கள், சூரியனையே நான்தான் செய்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

மாதம் போகப்போகச் சூரியன் உச்சிக்கு ஏறும், வெளிச்சம் சன்னலடிக்குச் சுருங்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. (அம்மா தினமும் பலகையை ரெண்டு விரல் நகர்த்தியிருக்கிறாள். எட்டாவது படித்த விஞ்ஞானி அதைக் கவனிக்கவில்லை.)

மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ராசிங்காபுரம் கிளம்பினோம். பிரித்த காய் சன்னலடியில் சாக்கு மேல் குவிந்து கிடந்தது. அம்மா உங்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தபடி, "ஏங்க, காயை அள்ளி மூட்டையைக் கட்டிட்டு வெரசா வாங்க" என்றாள். சாயங்காலம், அந்த மூலை இருட்டாகத்தான் இருந்தது. பஸ்சு ஆரன் அடித்தது. கதவைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

"கட்டியாச்சா?"

"ஆச்சு."

நாலு நாள் கழித்து, பதினொரு மணிக்குக் கதவைத் திறந்தோம். என் கண்ணாடி வெளிச்சம் சரியாக அந்தக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தது. மேல்காயெல்லாம் வைக்கோல் நிறம். ஏலத்துக்குக் கொண்டுபோக அண்ணாச்சி மதியம் வருவார்.

அம்மா திட்டவில்லை. அடியில் பச்சையாகத்தானே இருக்கிறது, கலந்துவிட்டால் தெரியாது என்றேன்.

"அவரு காயை அனுப்புறதே என் கண்ணை நம்பித்தான். இன்னைக்குக் கலந்தா, நாளைக்கு யாரு அனுப்புவா?"

வாசலில் வண்டிச் சத்தம். அண்ணாச்சி குனிந்து ஒரு கை காயை அள்ளினார். அம்மா வாயைத் திறப்பதற்குள், எப்படியோ நான் முந்திக்கொண்டேன். "நான்தாண்ணே. கட்டச் சொன்னா, கட்டல."

அவர் காயைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். கடைசியாக என்னை.

"வெயில் பட்டா நிறம் போயிரும்னு மலையில அறைக்குள்ள வச்சு உலர்த்துறோம். நீ வெயிலுக்குக் கண்ணாடி வச்சு வழி காட்டிருக்க, மாப்ளே."

வெளுத்ததை மறுநாளைக்குள் பிரித்துத் தரச் சொன்னார். அடுத்த லோடு தருவாரா என்று அம்மா கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க நான் பிரித்தேன். நான் பிரித்த பச்சையிலிருந்து அம்மா வெளுத்ததைப் பொறுக்கிப் பொறுக்கி என் மடியில் எறிந்தாள்.

மறுநாள் அண்ணாச்சி ரெண்டு குவியலையும் விரலால் கிளறினார். பிறகு, வண்டியிலிருந்து புது மூட்டை ஒன்றை இறக்கச் சொன்னார். "கட்டுற சோலியை மட்டும் கண்ணாடிக்காரர்கிட்ட விடாதே ஆத்தா."

புது மூட்டையை நானே உள்ளே தூக்கிவைத்தேன்.

அம்மா உங்களைக் குளிப்பாட்டப் போன பிறகு, ஒரு சாக்பீஸை எடுத்து, தரையில் வெளிச்சம் விழுந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் 'மாசி' என்று எழுதினேன். அம்மாவின் பலகையை அந்தக் கோட்டுக்குள் நகர்த்திவைத்தேன். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, மூலையில் கிடந்த காலிச் சாக்கை எடுத்து, வாயை இறுக்கிக் கட்டிவைத்தேன்.