பிடிக்கலைன்னா உரிச்சிடலாம்

பெங்களூரில் ஒரு மனித இனம் வாழ்கிறது. மழைக்கும் சிக்னலுக்கும் தண்ணீர் லாரிக்கும் அசராத இனம். விலங்கியல் புத்தகங்களில் இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்பதால் நாமே ஒன்று வைத்துவிடலாம்: ‘பிடிக்கலைன்னா உரிச்சிடலாம்’ ஆசாமி.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எந்தக் காரியத்திலும் வெளியே வருகிற வழியைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவார். சுவரில் ஆணி அடிக்க மாட்டார், ஒட்டுகிற கொக்கி ஒட்டுவார். புதுச் சட்டையின் விலைச் சீட்டைக் கிழிக்காமல் காலருக்குள் மடித்துவிட்டுக்கொண்டு, நாள் முழுக்கக் கழுத்தைச் சொறிந்தபடி ஆபீசில் உட்கார்ந்திருப்பார், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! ‘வேணாம்னா ராஜினாமா பண்ணிடலாம்’ என்று சொல்லிக்கொண்டே குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் பதவியை ஏற்றுக்கொண்டு, தலைமுடி கொட்டித் தீர்ந்த பிறகும் செயலாளராகவே இருப்பார். ஏனென்றால் இந்த இனத்தைப் பற்றிய முக்கியமான உண்மை இதுதான்: உரிச்சிடலாம் என்று சொல்வாரே தவிர, இவர் இதுவரை எதையும் உரித்ததில்லை.

உதாரணத்துக்குக் குக் டவுனில் குடியிருக்கும் கிளிஃபர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது தாண்டியவர், ஒரு மருந்துக் கம்பெனியில் கொள்முதல் மேலாளர், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அடிக்குரல். இவர்களுடைய கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் அதற்குள் சொல்லிவிட வேண்டும். அந்த ஆட்சேபத்தை மாப்பிள்ளையே சொல்லலாமா என்று பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டவர் கிளிஃபர்ட். மணப்பெண் மௌரீனைப் பிடிக்காமல் இல்லை. ரொம்பவே பிடித்திருந்தது. ஆனாலும் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதருக்கு மூச்சு வரும். இந்த விசாரணை மௌரீனின் காதுக்கு வந்து சேர்ந்ததும், அது அங்கேயே பத்திரமாகத் தங்கிவிட்டதும் வேறு விஷயம்.

கிளிஃபர்டிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. முன்பக்கம் பல்லைக் காட்டிச் சிரிக்கிற குரோம் கிரில், ஜன்னல்களைச் சுற்றி குரோம் பட்டை, கைப்பிடி எல்லாம் குரோம், பின்னால் டிக்கிக்குக் குறுக்கே ஒரு குரோம் கோடு. வாங்கிய நாளில் அந்தப் பளபளப்புக்காகவே வாங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசில் ராம்கி என்ற பையன், தாடியைத் தடவிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னான்.

“கார் சூப்பர் சார். அந்தக் குரோம் மட்டும் கொஞ்சம் அங்கிள் லுக்கு. கறுப்பு பண்ணிடுங்க. ரப்பர் ஸ்ப்ரே வருது. அடிச்சுக்கலாம், பிடிக்கலைன்னா உரிச்சிடலாம்.”

கடைசி இரண்டு வார்த்தைகளைக் கேட்டதும் கிளிஃபர்டுக்கு உடம்பெல்லாம் இனித்தது. உலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் தனக்காகவே ஒரு பெயின்ட் கண்டுபிடித்திருக்கிறான்! அன்று சாயங்காலமே வீடியோ பார்த்தார். முழுவதும் அல்ல, கடைசி ஒரு நிமிடம் மட்டும். அதில் ஒரு வெளிநாட்டுப் பையன் கறுப்பு ரப்பரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெல்லப் பிடித்து இழுக்க, மொத்தமும் நேந்திரம் பழத்தோல் மாதிரி ஒரே உரியாக உரிந்து வந்தது. அடியில் குரோம் புத்தம் புதிதாக மின்னியது. அந்த ஒரு நிமிடத்தை கிளிஃபர்ட் திரும்பத் திரும்பப் பார்த்தார். சாப்பிடும்போது பார்த்தார், ஜெபமாலைக்கு நடுவில் பார்த்தார். எப்படி அடிப்பது என்று விளக்குகிற முன்பகுதியைத் தொடவே இல்லை. அடிப்பதற்கு என்ன, கொசு மருந்து அடிக்கத் தெரியாதா அவருக்கு?

இதில் ஒரே ஒரு சிக்கல். வருகிற திங்கட்கிழமை அக்கா ஆஞ்சலாவின் மகள் நோராவுக்குக் கல்யாணம். அவர்கள் குடும்பத்தில் மணப்பெண் கோயிலுக்குத் தாய்மாமன் காரில்தான் போக வேண்டும். கார் என்ற ஒன்று வருவதற்கு முன் தாய்மாமன் ஜட்கா வண்டி பிடித்துக்கொண்டு வந்தானாம். “எந்தம்பி காரு கண்ணாடி மாதிரி இருக்கும், பாருங்க” என்று ஆஞ்சலா சம்பந்தி வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். அதனால் மௌரீன் தெளிவாகவே எச்சரித்திருந்தாள்.

“கல்யாணம் முடியற வரைக்கும் அந்தக் காரைத் தொடாதீங்க. துடைக்கறதுன்னாக்கூட என்னைக் கேட்டுட்டுத் துடைங்க.”

“தொடமாட்டேன்மா” என்றார் கிளிஃபர்ட். மனதார ஒப்புக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் மௌரீனும் ஆஞ்சலாவும் பிளவுஸ் வாங்கிவர கமர்ஷியல் ஸ்ட்ரீட் போய்விட்டார்கள். வீட்டில் கிளிஃபர்ட் இருந்தார். கீழே கார் இருந்தது. முந்தின நாள் ஆர்டர் போட்ட ஸ்ப்ரே டப்பாவோ அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்தது. அப்புறம் என்ன நடக்கும்?

பழைய செய்தித்தாளை ஒட்டி, கண்ணாடியையும் வெள்ளையையும் மறைத்து, டப்பாவைக் குலுக்கி, கிளிஃபர்ட் ‘உஸ்ஸ்’ என்று ஆரம்பித்தார். ஒரே டப்பாவை கிரில், பட்டை, கைப்பிடி, டிக்கி என்று கார் முழுவதற்கும் நிரவ வேண்டியிருந்தது. கிரில்லுக்கு ஒரு சுற்று மெல்லிசாக அடித்ததும், இன்னொரு சுற்று அடிக்கலாமா என்று யோசித்தார். எப்படியும் உரிக்கப்போகிற சமாசாரம், அதற்கு எதற்கு ரெண்டு சுற்று? இந்த நியாயத்தில் உங்களால் குற்றம் கண்டுபிடிக்க முடிகிறதா? அவராலும் முடியவில்லை. எல்லா இடத்திலும் ஒரே சுற்று, பெயருக்கு ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

மேல்மாடியில் வீட்டு வேலையை முடித்துவிட்டு இறங்கி வந்த லட்சுமம்மாதான் முதலில் பார்த்தாள். “அய்யோ, ஏனாய்த்து சார்? காரு நெருப்பு புடிச்சிச்சா?” என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் பதறினாள். கிளிஃபர்ட் பெருந்தன்மையாகச் சிரித்தார். அவளுக்கு ஸ்டைல் தெரியாது, பாவம்.

அடுத்து ஆட்டோவில் வந்து இறங்கியவர்களுக்கும் ஸ்டைல் தெரியவில்லை. ஆஞ்சலா பையைக் கீழே போட்டுவிட்டு காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். வெள்ளை உடம்பு, கறுப்புக் கரை. திட்டுத் திட்டாகக் கறுப்பு, நடுநடுவே இளித்துக்கொண்டு கொஞ்சம் குரோம்.

“டேய் கிளிஃபி, இது கல்யாண வண்டியா, கல்லறைக்குப் போற வண்டியாடா? எம் பொண்ணு இதுலயா வந்து எறங்கணும்?” என்றவள், சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். ஆஞ்சலா சாமானியமாக அழுகிறவள் அல்ல. கிளிஃபர்ட் ஓடிப்போய் கிரில்லின் முன் குனிந்தார்.

“அக்கா, அக்கா, இது வெறும் ரப்பர். பாரு, இப்பவே உரிச்சிடறேன்!”

ஓரத்தை நகத்தால் கிளப்பினார். கடுகளவு வந்தது. மறுபடி கிளப்பினார். அழிரப்பர் தூள் மாதிரி உருண்டை உருண்டையாக வந்தது. பிடித்து இழுக்கலாமென்றால் பிடிக்க ஒன்றுமில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். கறுப்பு அங்கிருந்து கிளம்பி அவர் விரலுக்கும் மூக்குக்கும் இடம் மாறியது. தரைத்தளத்துச் சுந்தரேசன், மாநில அரசு வேலையில் ஓய்வு பெற்றவர், மண்ணெண்ணெய் போடச் சொன்னார். அவர் மனைவி கோமளம் தேங்காய் எண்ணெய் என்றாள். மண்ணெண்ணெய் இந்த ஊரில் இப்போது எங்கே கிடைக்கும் என்று இருவருக்கும் தகராறு வந்தது. இருட்டுகிற நேரத்தில் கிரில்லில் ஒரே ஒரு பல் மட்டும் வெளுத்திருந்தது.

அப்போதுதான் கிளிஃபர்ட் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்த வீடியோவை ஆரம்பத்திலிருந்து பார்த்தார். வெளிநாட்டுப் பையன் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னான்: ஐந்து சுற்றாவது கனமாக அடிக்க வேண்டும், அப்போதுதான் தோலாக உரியும். மெல்லிசாக அடித்துவிட்டு உரிக்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள், அதன்மேலேயே கனமாக இன்னும் அடித்துக் காயவைத்துச் சேர்த்து உரிக்க வேண்டும். கிளிஃபர்ட் போனை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

“மௌரீன், அதை எடுத்துடலாம். ஆனா எடுக்கணும்னா... இன்னும் கொஞ்சம் அடிக்கணும்.”

மௌரீன் கையில் கரண்டி இருந்தது. அதை அவள் மெதுவாகக் கீழே வைத்ததை, கணவர் குலத்தின் சார்பில் நாம் நன்றியோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. பூசையில் நற்கருணை அப்பத்துக்குக் கை நீட்டிய கிளிஃபர்டின் கறுத்த பத்து விரலையும் பார்த்துவிட்டு, சாமியார் அதைக் கையில் கொடுக்காமல் “வாயைத் திறங்க” என்றார். பூசை முடிந்ததும், சுற்றி வளைத்துத் தேடி வாங்கிய மூன்று டப்பாக்களோடு கிளிஃபர்ட் காரின் முன் மண்டியிட்டார். சுற்றுக்கு மேல் சுற்றாகக் கனமாக அடித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆஞ்சலாவிடமிருந்து போன் வந்தது. “வெளுத்துச்சாடா?” “இன்னும் கறுத்துருக்குக்கா. ஆனா அது நல்லதுக்குத்தான்.” மறுமுனையில் ஆஞ்சலா சவேரியாரையும் அந்தோனியாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை. பூக்காரர் ரிப்பனோடு வந்து நிற்கிறார். பட்டுப்புடவையில் ஆஞ்சலாவும், தலையில் சுருள் கிளிப்போடு மௌரீனும், வேடிக்கை பார்க்க மொத்தக் குடியிருப்பும் காரைச் சுற்றி நிற்கிறார்கள். கிளிஃபர்ட் கோட்டு சூட்டோடு குனிந்து, ஓரத்தைக் கிளப்பினார். கனமாக, வழவழவென்று, எருமைத் தோல் மாதிரி ஒரு நுனி கைக்கு வந்தது. இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

கிளிஃபர்ட் இழுக்கவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துக் காரைப் பார்த்தார். திட்டு இல்லை, திப்பி இல்லை, ஒரே சீரான கறுப்பு. ராம்கி பார்த்தால் அசந்துபோவான்.

“மௌரீன், இப்ப நெஜமாவே நல்லா இருக்குல்ல? கல்யாணம் முடியட்டும். அப்புறம் உரிச்சுக்கலாமே?”

பூக்காரர் ரிப்பனைத் தாழ்த்தினார்.

“ஓலை வாசிக்கறப்பவே நீங்க ஆட்சேபம் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமா நானும் உங்களை நகம் போட்டுக் கிளப்பிப் பாக்கறேன், வரமாட்டேங்கறீங்க. நகருங்க” என்றாள் மௌரீன்.

நகர்த்திவிட்டு, நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். ‘சர்ர்ர்’ என்று மொத்த கிரில்லின் கறுப்பும் கையோடு வந்தது. அடியில் குரோம் அத்தனை பல்லையும் காட்டிச் சிரித்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆஞ்சலா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு ஜன்னல் பட்டையை உரித்தாள். உரித்ததும் சிரித்தாள். “இன்னொண்ணு குடுடா!” என்றாள். சுந்தரேசன் ஒரு கைப்பிடியை உரித்தார், கோமளம் தன் பங்குக்கு இன்னொன்றை. லட்சுமம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. நோரா தாய்மாமன் காரில் கண்ணாடி மாதிரி வந்து இறங்கினாள். கல்யாணப் பூசையில், கடவுள் சேர்த்ததை இனி பிரிக்கக்கூடாது என்று சாமியார் சொன்ன இடத்தில் மட்டும் மௌரீனின் முழங்கை கிளிஃபர்டின் விலாவில் இறங்கியது.

எல்லாம் சுபம். ஆனால் குக் டவுன் பக்கம் போனால் அந்த வெள்ளைக் காரின் பின்பக்கத்தைக் கவனியுங்கள். டிக்கிக் கோடு இன்னும் கறுப்பாகவே இருக்கும். அன்று அவசரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்த ஒரே மனிதர் வாயைத் திறக்கவில்லை. இதற்குள் நோராவின் குழந்தைக்கு ஞானஸ்நானமும் ஆகிவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்றுதானே? நல்லது. எழுந்துபோய் உங்கள் டிவி ரிமோட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வாங்கிய நாளில் வந்த பாலிதீன் உறை அதன்மேல் இருக்கிறதா? ஃபிரிஜ் கதவில் கம்பெனிக்காரன் ஒட்டியனுப்பிய ஸ்டிக்கர்? கார் சீட்டில் கண்ணாடிக் காகிதம், உட்கார்ந்தால் ‘கரக் கரக்’ என்று?

இருக்கட்டும், இருக்கட்டும். இப்போது எதற்கு அவசரம்? அப்புறம் உரிச்சுக்கலாம்.