மணமற்றவர் எனச் சான்றளிக்கப்படுகிறது

பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். திருமணப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். பதினாறு வருடமாக இந்த ஊரார் பிறந்ததையும் இறந்ததையும் இரண்டு பக்கமும் நகல் எடுத்துக் கொடுத்து வருகிறேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

எங்கள் தெரு பேக்கரிக்காரர் ஒன்பது வருடம் வெளிநாட்டில் ரொட்டி சுட்டுவிட்டுத் திரும்பி வந்தவர். அத்தனை வருடமும் அவருக்காகக் காத்திருந்தவர் ஆஸ்பத்திரி நர்ஸ். வந்ததும் கல்யாணம் என்று பேச்சு. ஆனால் வருடக் கடைசியில் நர்ஸுக்கு வேறு ஊருக்கு மாற்றல். அதற்குள் திருமணச் சான்றிதழைக் காட்டினால் இருவருக்கும் அங்கே குடியிருப்பு உண்டு. காட்டாவிட்டால் நர்ஸுக்கு மகளிர் விடுதி, பேக்கரிக்காரருக்கு ஊரிலேயே அடுப்பு.

"இன்னொரு தடவை காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லண்ணே" என்று நர்ஸ் என் கடையில் நின்றபடி சொன்னார். கேட்கவே பாவமாக இருந்தது.

இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். எழுத்தர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஒன்பது வருஷம் வெளிநாட்டுல இருந்திருக்கீங்க. அங்க கல்யாணம் பண்ணிக்கலைன்னு அந்த ஊர்க்காரங்க எழுதித் தரணும்."

"பண்ணியிருந்தா இங்க எதுக்கு சார் வரப்போறேன்?"

"அதைத்தான் எழுதி வாங்கிட்டு வரச் சொல்றேன்."

பேக்கரிக்காரர் அந்த நாட்டுக்கு எழுதிப் போட்டார். அங்கே நகராட்சிக்காரர் கையெழுத்துப் போட்டார். அது அவர் கையெழுத்துதான் என்று ஒரு வக்கீல் கையெழுத்துப் போட்டார். வக்கீல் வக்கீல்தான் என்று நீதிமன்றம் முத்திரை குத்தியது. நீதிமன்றத்துக்கு அமைச்சகமும், அமைச்சகத்துக்கு நம் தூதரகமும், தூதரகத்துக்குத் தலைநகரில் இருக்கும் நம் அலுவலகமும் சாட்சி சொல்லின. ஒவ்வொரு முத்திரைக்குக் கீழேயும் பொடி எழுத்தில், 'கையெழுத்து மட்டுமே உறுதி செய்யப்படுகிறது, உள்ளே எழுதியிருப்பதற்கு இவ்வலுவலகம் பொறுப்பல்ல' என்று இருந்தது. நகல் எடுக்கும்போது நானே பார்த்தேன். விஷயம் ஒரே வரி, அதற்குக் காவல் நான்கு பக்கம். காகிதம் வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. வருடம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

அடுத்து மொழிபெயர்ப்பு. அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் தூய நடைக்காரர். டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட அந்தச் சொல்லைத் திருத்திவிட்டுத்தான் வருவார். 'மணமாகாதவர்' என்று எழுதினால் போதும் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை ஆகப் போறவரைப் போய் ஆகாதவர்னு எழுதச் சொல்றீரே, வாய் கூசலையா?" என்று கடிந்துகொண்டார். பிறகு நிதானமாக, 'மேற்படி நபர் மணமற்றவர் எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று எழுதி, மூலத்தோடு சேர்த்துத் தைத்து, அரக்கு வைத்துக் கொடுத்தார்.

எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார்.

"இது எங்க பிரிவு இல்லையே. மணம், வாசனை, புகை எல்லாம் சுகாதாரப் பிரிவு."

"சார், இது திருமணம் சம்பந்தப்பட்டது!"

"திருமணம்னா எங்களோடதுதான். இதுல 'திரு' எங்க இருக்கு?"

"நான் வேணா ஒரு 'திரு' சேர்த்து வாங்கிட்டு வரேன்."

"சேர்க்கலாமே. அரக்கைப் பிரிச்சா முத்திரை எல்லாத்தையும் முதல்லேர்ந்து வாங்கணும். பரவாயில்லையா?"

கோப்பு சுகாதாரப் பிரிவுக்குப் போனது.

சுகாதார ஆய்வாளர் நேர்மையானவர். அதுதான் வினை. ஒருநாள் காலையில் நேராக பேக்கரிக்கு வந்து, பேக்கரிக்காரரின் காலர், முழங்கை, தலைமுடி ஆகியவற்றைத் தனித்தனியே முகர்ந்து குறிப்பெடுத்தார். அறிக்கை இப்படி: 'மேற்படி நபர் மணமற்றவர் அல்லர். நல்ல மணம் உள்ளவர். வெண்ணெய் மேலோங்கித் தெரிகிறது.'

எழுத்தருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இப்ப இது எங்க பிரிவுதான்! வெளிநாட்டுக் காகிதப்படி உங்களுக்கு மணம் கிடையாது. இங்க சோதனை பண்ணினா மணம் இருக்கு. அப்ப நடுவுல மணம் ஆகியிருக்கு. ஏற்கெனவே மணம் ஆனவருக்கு நாங்க எப்படிக் கல்யாணம் பண்ணி வைக்கிறது?"

"ஐயோ! எனக்கு யாரோட சார் ஆச்சு?"

"வெண்ணெய்னு போட்டிருக்கு."

பேக்கரிக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வருடம் முடிய நான்கு நாள்தான். நர்ஸ் உட்காரவில்லை. ஊசி போடுகிறவர் அல்லவா, எங்கே குத்த வேண்டும் என்று தெரியும்.

"இவருக்கு மணம் ஆயிடுச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. யாரோடங்கிறதுதான் சரியாத் தெரியல. அவ்வளவுதானே? என்னோடன்னு எழுதுங்க."

எழுத்தர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். விதி இடம் கொடுத்தது. "அப்ப உங்களுக்கும் அதே மணம் இருக்கணுமே."

ஆய்வாளர் நர்ஸை முகர்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரி மருந்து நாற்றம். "இது நெடிம்மா. மணத்துல சேராது" என்று வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாள் நர்ஸ் விடுப்புப் போட்டுவிட்டு ஆறு மணிக்கே பேக்கரிக்குப் போனார். பத்து மணி வரை மாவு பிசைந்தார், அடுப்புப் பக்கத்திலேயே நின்றார். முழங்கை வரை மாவோடு அலுவலகத்துக்கு வந்தார். ஆய்வாளர் இருவரையும் மாறி மாறி முகர்ந்துவிட்டு, 'இருவருக்கும் ஒரே மணம்' என்று எழுதினார். பதிவாளர் முத்திரை குத்தினார். கல்யாணம் முடிந்தது.

நர்ஸ் சிரித்துக்கொண்டே அழுதார். பேக்கரிக்காரர் கடைக்கு ஓடிப்போய் இரண்டு தட்டு நிறையச் சுடச்சுட பன் கொண்டுவந்து, வரிசையில் நின்றவர்கள், எழுத்தர், பதிவாளர், ஆய்வாளர், எதிர்க்கடையில் இருந்த நான் என்று ஒருவர் விடாமல் கொடுத்தார். நான் மூன்று தின்றேன். மாலை பஸ்ஸில் இருவரும் புது ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வெண்ணெயைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை என்று ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அதிகம் சிரித்தவன் நான்.

ஆய்வாளரின் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் பாக்கி இருந்ததாம்: 'இதே மணம் உள்ள பிற நபர்கள் எவரேனும் உளரா?' அவர் நேர்மையானவர் என்று முன்பே சொன்னேன். கையிலிருந்த பன்னைத் தின்று முடித்துவிட்டு, அங்கிருந்த ஒவ்வொருவரையும் முகர்ந்து பெயர் எழுதிக்கொண்டார். விட்டுப்போகக் கூடாது என்று தன் பெயரையும் எழுதினார்.

போன வாரம் அறிவிப்பு வந்தது. அதன்படி நாங்கள் நாற்பத்தேழு பேரும் பேக்கரிக்காரரோடும் நர்ஸோடும் எங்களுக்குள்ளும் ஒரே மணம் உள்ளவர்கள். ஏற்கெனவே குடும்பம் உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இல்லை என்று மறுப்பவர்கள் மணமற்றவர் சான்றிதழ் கொடுக்கலாம். ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் செல்லும், முன்னுதாரணம் அப்படி. எங்களில் யாரும் இந்த ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. பதிவாளரே என் கடையில் வரிசையில் நின்று நகல் எடுத்துப் போகிறார்.

என் வீட்டுக்காரி அறிவிப்பை முழுதாகப் படித்தாள். கோபப்படவில்லை. நாற்பத்தேழு பெயரையும் விரல் வைத்து எண்ணிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இதுல நான் எத்தனையாவது?"

அறிவிப்பில் அது இல்லை. கேட்டு மனுப் போட்டிருக்கிறேன்.