கெலுகோர் குரங்கும் மாமாவின் மோட்டார்க் கண்ணாடியும்

786

சூலியா தெரு, பினாங்கு,
1934-ஆம் வருஷம் ஆகஸ்டு 16, வியாழக்கிழமை.

நாகூரில் தங்கியிருக்கும், என் மரியாதைக்கும் அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய மாமா ஜனாப் ஹமீது மரைக்காயர் அவர்களுக்கு, மருமகன் ஹபீப் முகம்மது சலாம் கூறி எழுதிக்கொண்டது. இங்கே மாமி சுகம். தங்கள் மகள் சித்தி ஹாஜரா சுகம். கடை சுகம். கடைப் பூனை மூன்று குட்டி போட்டுச் சுகம். தங்கள் சுகத்தையும், தனியாகத் தங்கள் இரத்தக் கொதிப்பின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக்கொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதிய சுகப் பட்டியலில் தங்கள் மோட்டார் கார் இல்லை என்பதைத் தாங்கள் இதற்குள் கவனித்திருப்பீர்கள். தங்கள் சிநேகிதர் ஷேக் அலாவுதீன் அவர்களும் இதே கப்பலில் தங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். ‘உங்கள் மருமகன் சீனர்களோடு சேர்ந்து சாவு ஊர்வலம் நடத்தும் தொழிலில் இறங்கிவிட்டார்’ என்று அதில் எழுதியிருப்பதாகப் பள்ளிவாசல் வாசலில் என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். அவர் கண்ணால் கண்டது உண்மைதான். ஆனால் தொழில் எதுவும் இல்லை. நடந்ததை ஆதியோடு அந்தமாக எழுதிவிடுகிறேன், தயவு செய்து அவர் கடிதத்தை இதற்குப் பிறகு பிரியுங்கள்.

ஊர் போகும்போது கப்பல் ஜெட்டியில் வைத்துத் தாங்கள் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. “ஹபீபு, அந்தப் பிரெஞ்சுக்காரத் தொரை ரப்பர் விலை விழுந்து ஊரை விட்டுப் போறப்ப எங்கிட்ட வித்துட்டுப் போன வண்டி அது. இத்தாலி வண்டி. இந்தத் தீவுல ரெண்டாவது கெடையாது. அதுல ஒரு கீறல் விழுந்தாலும் உன்னைய அக்கரைக்கு, பாகான் டாலாம் கிளைக்கடைக்கு அனுப்பிடுவேன். அங்கன கருவாட்டு மூட்டையோட குடும்பம் நடத்து” என்றீர்கள். நானும் தலையாட்டினேன். டிரைவர் காசிம் மே மாதமே வேலையை விட்டு ஈப்போவுக்குப் போய்விட்டார் என்பதைத் தங்களுக்கு எழுத மறந்துபோனேன். அதனால், மாமா, மன்னிக்க வேண்டும், காரை நானே ஓட்டினேன். எப்போது கற்றுக்கொண்டாய், யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்க வேண்டாம். ஓட்டினேன். அவ்வளவுதான்.

மாதத்துக்கு ஒரு தடவை கெலுகோர் தென்னந்தோப்பைப் போய்ப் பார்க்கச் சொன்னவர் தாங்களே. ரிக்‌ஷாக்காரன் அவ்வளவு தூரம் இழுக்க முடியாது என்று கும்பிட்டுவிட்டான். வெயில் இதமாக இருந்ததால் ஹாஜராவும் கூட வந்தாள். தோப்பில் காரை நிறுத்திவிட்டு இறங்கினோம். அங்கே நோர்மா என்கிற மலாய்க்காரப் பெண் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தாள். அவள் பறிக்கவில்லை, அவள் வளர்க்கும் குரங்கு பறித்தது. இடுப்பில் நீளக் கயிறு கட்டி மரத்தில் ஏற்றிவிடுகிறாள். அது முற்றின காயாகப் பார்த்துத் திருகிப் போடுகிறது. அந்தக் குரங்கை அவள் ‘இஞ்சே’ என்று கூப்பிடுகிறாள். ஐயா என்று அர்த்தம். என்னைக்கூட அவள் அப்படிக் கூப்பிடவில்லை. இஞ்சே மரத்தின் உச்சியிலிருந்து கீழே பார்த்தது. சிவப்பாக, நீள மூக்கோடு, பளபளவென்று நிற்கும் தங்கள் காரைக் கண்டது. ஒரு காயைத் திருகியது, கையில் வைத்துக் கொஞ்சம் யோசித்தது, குறி பார்த்து எறிந்தது. விழவில்லை மாமா, எறிந்தது. முன்கண்ணாடி நடுவில் வாங்கி, கற்கண்டு உடைந்த மாதிரிச் சில்லுச் சில்லாக இரண்டு சீட்டிலும் கொட்டியது.

“உன் கொரங்கு செஞ்ச வேலையைப் பாத்தியா?” என்று கத்தினேன்.

அந்தப் பெண் அசையவில்லை. “இஞ்சே மேல தப்பு இல்ல துவான். அவருக்குச் செவப்பு புடிக்காது. கெரேத்தா வண்டி வேற கலர்ல வாங்கியிருக்கலாம்லா” என்றாள். பிறகு மேலே பார்த்து, “இஞ்சே, இறங்கி வாங்க, ஒண்ணும் பயப்படாதீங்க” என்று அதற்கு ஆறுதல் சொன்னாள். அது இறங்கி வந்து, உடைந்த கண்ணாடிக்கு நடுவே ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்து ஹார்னை அமுக்கிப் பார்த்தது. ஹாஜரா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கண்ணாடி இல்லாத காரில் கெலுகோரிலிருந்து டவுனுக்கு வருவது என்றால் என்ன என்று தங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். முதல் மைலில் தொப்பி போயிற்று. இரண்டாவது மைலில் வாயைத் திறந்து ‘தொப்பி’ என்று சொன்னபோது ஒரு தும்பி உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு வாயையும் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு வீடு வரை வந்தேன். (ஒரு கண்ணை, மாமா. இன்னொன்றால் சாலையைப் பார்த்துத்தான் ஓட்டினேன்.)

மறுநாள் மோட்டார் பட்டறைக்குப் போனேன். அங்கே கிளார்க்காக இருப்பவர் மெய்யநாதன், நல்ல மனிதர், கெட்ட செய்தியைக்கூட நல்ல செய்தி மாதிரிச் சொல்லுவார். வெற்றுச் சட்டத்தை ஒரு நிமிஷம் பக்தியோடு பார்த்தார். “அண்ணே, இது கடையில வாங்கி மாட்டுற கண்ணாடி இல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியா அளவெடுத்து இத்தாலியிலதான் செய்வான். கடுதாசி போக ஒரு மாசம், அவன் யோசிக்க ஒரு மாசம், கண்ணாடி வர ரெண்டு மாசம்” என்றார்.

“யோசிக்கிறதுக்கு என்னய்யா இருக்கு அதுல?”

“நம்மகிட்ட ஏன் ஒடஞ்சதுன்னு கேப்பான். கொரங்கு எறிஞ்சதுன்னு எழுதணும். அதை நம்புறதுக்குத்தான் அந்த ஒரு மாசம்.”

தாங்களோ செப்டம்பர் கடைசியில் கப்பல் ஏறுகிறீர்கள். அதனால் கேம்பல் தெருவில் படத்துக்குச் சட்டம் போடும் ஆ சேங்கைப் பிடித்தேன். அவன் காரைச் சுற்றி வரவில்லை, விரலால்கூடத் தொடவில்லை. வாயில் சிகரெட்டோடு, “போலே, தவ்கே. முடியும் மொதலாளி. கண்ணாடி எல்லாம் கண்ணாடிதான்லா” என்றான். காகிதத்தில் அளவு வெட்டினான். சாயங்காலம் மாட்டிவிட்டான். பிறகுதான் தெரிந்தது, அவனிடம் அந்தக் கனத்தில் இருந்தது ஒரு நிலைக்கண்ணாடி. பின்பக்கத்து ரசத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறான். சுரண்டியவன் இடது பக்கத்தில் ஒரு முழம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அதனால் இடது சீட்டில் உட்கார்ந்தவருக்கு ரோடு தெரியாது, தம்முடைய முகம்தான் தெரியும். பயந்தால் என் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்கு வீடு வரை பார்த்துக்கொண்டே வந்தேன். (நடுவில் எட்டிப் பார்த்தபோது பார்த்தேன்.) வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் காரை வெயிலில் நிறுத்தினேன். இமாம் குத்பாவில் உலக ஆடம்பரத்தின் நிலையாமை பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மற்றவர்களெல்லாம் இமாமைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் என்ன சத்தம் என்று தெரிந்தது. ஆ சேங் திருகாணியை அதிகமாக முறுக்கியிருந்தானாம், சூட்டில் கண்ணாடிக்கு விரியக்கூட இடமில்லை.

திரும்ப அவனிடமே போனோம். சண்டை போடத்தான் போனேன். அதற்குள் அவன் உள்ளேயிருந்து ஒரு கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். விரல் கனம், வைரம் மாதிரித் தெளிவு. மூடிப்போன ஏதோ கடையின் முகப்புக் கண்ணாடி. மேல் ஓரத்தில் தங்க நிறத்தில் இரண்டு சீன எழுத்து. “இது என்ன எழுத்து?” என்று கேட்டேன். “நல்ல எழுத்து தவ்கே, ரொம்ப நல்ல எழுத்து” என்றான். அழகாக வெட்டி மாட்டினான். இந்தத் தடவை திருகாணியை அளவோடு முறுக்கினான். உண்மையைச் சொன்னால், பழையதைவிட அம்சமாக இருந்தது.

அன்றைக்கு நாங்கள் போன வழியெல்லாம் ராஜ மரியாதை. ரிக்‌ஷாக்கள் ஒதுங்கின. மீன்காரர் தோளில் இருந்த கூடைக் காவடியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நின்றார். ஒரு சீனக் கிழவி எங்களைக் கண்டதும் பேரனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். “வண்டியைப் பாத்தா இப்பத்தான் ஜனங்களுக்கு மரியாதை வருது” என்று ஹாஜராவிடம் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, பினாங்கு ரோடு திருப்பத்தில் ஒரு பெரிய சீனர் வீட்டுச் சவ ஊர்வலம் எதிர்ப்பட்டது. முன்னால் பாண்டு வாத்தியம், பின்னால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், எண்ண முடியாத ஜனம். ஊர்வலத்தை நடத்திக்கொண்டிருந்த பருத்த சீனர் எங்கள் காரைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், இரண்டு கையையும் சேர்த்து மரியாதை செய்தார், பாண்டுக்காரரை ஒதுக்கி எங்களை முன்னால் விட்டார். பின்னால் திரும்ப வழியில்லை. பக்கவாட்டில் ஜனம். ஒருவர் வந்து அவர்கள் சாவு வீட்டு வழக்கப்படி ஆளுக்கு ஒரு சிவப்பு நூலும் மிட்டாயும் கொடுத்துவிட்டுப் போனார். பாண்டுக்காரர் ஏதோ ஆங்கிலக் கலியாணப் பாட்டை வாசிக்க, நடை வேகத்தில் ஒரு மணி நேரம் போனோம். ஓடுவதற்குச் செய்த வண்டியை நடக்க வைத்தால் என்ன ஆகும்? மூக்கிலிருந்து புகை விட ஆரம்பித்தது. பின்னால் வந்தவர்கள் அதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்து வணங்கினார்கள். பள்ளிவாசல் பக்கம் வந்தபோது வாசலில் ஷேக் அலாவுதீன் நின்றுகொண்டிருந்தார். நான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். கார் நேராகப் போய்க்கொண்டிருந்தது. (அந்த இடத்தில் ரோடு நேராக இருக்கும், தங்களுக்கே தெரியும்.)

இடுகாட்டு வாசலில் அந்தப் பருத்த சீனரிடமே கேட்டேன். அவர் துக்கத்திலும் பொறுமையாக விளக்கினார். முதல் எழுத்துக்கு நீண்ட ஆயுள் என்று அர்த்தமாம். இரண்டாவது எழுத்துக்குப் பலகை என்று அர்த்தமாம். இரண்டையும் சேர்த்தால் சவப்பெட்டியாம். “பெரிய கம்பெனி, நல்ல பெட்டி செய்வாங்க. மோட்டார் வண்டி வாங்கியிருக்காங்கன்னு இன்னிக்குத்தான் தெரியும்” என்று பாராட்டினார்.

நடந்தது இவ்வளவுதான் மாமா. குரங்கை நான் அழைக்கவில்லை, சீனரின் மரணத்துக்கும் நான் பொறுப்பில்லை. ஆனால் தாங்கள் ஒரு கீறலும் விழக்கூடாது என்று சொன்ன வண்டியைத் தொட்டது நான், ஓட்டியது நான், குற்றம் முழுக்க என்னுடையது. ஹாஜரா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைத் தவிர ஒரு பாவமும் அறியாதவள். பாகான் டாலாமுக்கு என்னைத் தனியாக அனுப்புங்கள், அவளை மாமியோடு இங்கேயே இருக்க விடுங்கள். துணிமணிகளைக் கட்டி வைத்துவிட்டேன். கருவாட்டு நாற்றத்துக்கு இப்போதே பழகிக்கொள்கிறேன். ஆ சேங் நேற்று வந்து இரண்டாவது எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டான். முதல் எழுத்து மட்டும் இருக்கிறது. ஆகவே அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், மருமகனை மன்னிக்கும் மனத்தையும் தருவானாக என்று நாங்கள் ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். தங்கள் கார் அதையே சீன பாஷையில், தங்க எழுத்தில், இருபத்து நாலு மணி நேரமும் செய்துகொண்டிருக்கிறது. மாமி சலாம் சொல்லச் சொன்னார்கள். நாகூரில் உள்ள பெரியவர்களுக்கு என் சலாமும் சின்னவர்களுக்கு என் அன்பும் சேரட்டும்.

இப்படிக்கு,
இன்னும் தங்கள் மருமகனாக இருப்பதாக நம்பும்,
ஹபீப் முகம்மது.

பின்குறிப்பு: வாப்பா, இது உங்கள் மகள் ஹாஜரா. உறை ஒட்டிக் கொடு என்று கடிதத்தை என் கையில் தந்துவிட்டு அவர் கடைக்குப் போயிருக்கிறார். குரங்கு உண்மை. நோர்மா, நிலைக்கண்ணாடி, சவப்பெட்டி, புகை எல்லாம் உண்மை. யாரும் நம்பக்கூடிய ஒரே விஷயம்தான் பொய். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டீரிங்கைக்கூட அவர் தொட்டதில்லை. மே மாதத்திலிருந்து ஓட்டுகிறவள் நான். பக்கத்து வீட்டு ரொஸ்னா அவள் புருஷனுடைய காரில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். உங்கள் மருமகன் இடது சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டு வருவார். அடைப்புக் குறி போட்டு அவர் சமாளித்திருக்கும் இடங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். “பொண்ணு கார் ஓட்டுறான்னு மாமா காதுல விழுந்தா உன்னைய நாகூருக்கு இழுத்துட்டுப் போயிடுவாரு. நான் ஓட்டுனதா இருக்கட்டும், என்னைய அக்கரைக்குத்தானே அனுப்புவாரு” என்று சொல்லிவிட்டு மூன்று நாளாக உட்கார்ந்து இதை எழுதினார். மூட்டை கட்டியதும் நிஜம். நான் அதைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைத்துவிட்டேன்.

நேற்று லைசென்ஸ் பரீட்சை. வெள்ளைக்கார அதிகாரி பக்கத்தில் ஏறியதும் கண்ணாடியைக் காட்டி, மிச்சமிருக்கும் அந்த ஒரே எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். பரீட்சை முடியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ் போட்டுவிட்டார்.

கப்பல் வரும் நாளில் ஜெட்டியில் வண்டியோடு நான் நிற்பேன். நீங்கள் என் பக்கத்தில் உட்காருங்கள். அவர் ரிக்‌ஷாவில் வந்துவிடுவார். அதில் அவருக்குக் கொள்ளைச் சந்தோஷம்.