மூன்று றப்பரும் முரசுமோட்டைக் கோழிகளும்

பெண்கள் விடுதி,
வவுனியா.
12.06.63, புதன்கிழமை

பெருமதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய யோகநாதன் மாமா அவர்களுக்கு மருமகள் அருந்ததி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நடந்தவை அனைத்தையும் நடந்தபடியே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், உண்மையாக இக்கடிதத்தில் பதிவு செய்யப் போகிறேன். அதில் உங்களுடைய பிழையும் வரும். வரும் இடத்தில் பொறுத்துக்கொள்ளுங்கள். என் உடம்பு சுகம். மட்டைக்குத்தான் சுகமில்லை. உங்கள் சுகத்தையும் மாமியின் சுகத்தையும் கடைசிப் பந்தியில் விசாரிப்பேன், இப்போது அதற்கேற்ற மனநிலையில் இல்லை.

அடுத்த மாதம் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுடன் மேசைப்பந்து ஆட எங்களில் நால்வர் போகிறோம் என்று முன்பே எழுதியிருந்தேன். மூவர் மேல்வகுப்பு அக்காமார், அதில் மாற்றமில்லை. நாலாவது இடத்திற்கு நானும், விடுதியில் எனக்கு அடுத்த கட்டிலில் படுக்கும் முல்லைத்தீவுப் புனிதமலரும் போட்டி. அவளுக்கு அவளுடைய அண்ணன் கொழும்பிலிருந்து பளபளவென்று றப்பர் ஒட்டிய மட்டையே வாங்கி அனுப்பியிருக்கிறார். நீங்களோ வெறும் பலகை மட்டையையும், மூன்று விதமான றப்பரில் ஒவ்வொரு துண்டையும் பார்சலில் அனுப்பி, "உன் ஆட்டத்திற்கு ஏற்ற இரண்டைத் தெரிவு செய்து இரு பக்கமும் ஒட்டிக்கொள்" என்று ஒரே வரி எழுதியிருந்தீர்கள். மாமா, நான் ஆடத் தொடங்கியே இரண்டு மாதம். எனக்கு ஆட்டம் என்று ஒன்று இன்னும் வரவில்லை. அது எப்படிப்பட்டது என்று அறிய மட்டை வேண்டும், மட்டைக்கு றப்பர் ஒட்டவேண்டும், றப்பர் ஒட்ட ஆட்டம் தெரிந்திருக்கவேண்டும். கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஆனாலும் நான் மனம் தளரவில்லை. வார விடுமுறைக்கு முரசுமோட்டைக்கு, நம் வீட்டுக்குப் போனபோது மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒன்று ஸ்பொஞ்சு இல்லாத மெல்லிய றப்பர், மேலே முத்து முத்தாக இருந்தது. அடுத்ததும் முத்துள்ளதுதான், ஆனால் அடியில் தடித்த ஸ்பொஞ்சு. மூன்றாவதும் ஸ்பொஞ்சு உள்ளது, மேற்புறம் வழவழப்பு, விரலை வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் மட்டையில் நூலால் கட்டிச் சுவரில் பந்தடித்துப் பார்த்து, பிறகு நிதானமாகத் தெரிவு செய்வது என்று திட்டமிட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா வயலால் வந்துவிட்டார்.

"என்ன பிள்ளை உது, யோகன் அனுப்பினதோ? எதைத் தெரிவு செய்யிறதெண்டு தெரியேல்லையோ? உதுக்கு ஏன் பந்தும் சுவரும்? பந்தைக் கேட்டா அது என்ன சொல்லப் போகுது?" என்று சொல்லிக்கொண்டே மூன்றையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். வாளியில் தண்ணீர் நிரப்பி, குசினியிலிருந்து ஒரு சிரட்டை உப்பைக் கொண்டுவந்து கரைத்து, விதைநெல்லில் நல்லதையும் பதரையும் பிரிக்கப் போடுவதுபோல மூன்றையும் உள்ளே போட்டார். முத்து வைத்த மெல்லிய றப்பர் அடியில் போய்ப் படுத்தது. ஸ்பொஞ்சு வைத்தவை இரண்டும் மிதந்தன. "பார்த்தியே! தாழுறது விதை. மிதக்கிறது ரெண்டும் சப்பி. கழிச்சு விடு" என்று தீர்ப்புச் சொன்னார். ஸ்பொஞ்சு மிதக்கத்தானே செய்யும் என்று நான் பௌதிகப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். "புத்தகம் எழுதினவர் எத்தினை ஏக்கர் விதைச்சவராம்?" என்று கேட்டார். அம்மா குசினி வாசலில் நின்று, "சப்பி நெல்லெண்டாலும் கோழிக்குப் போடலாம். உந்தச் சப்பியை என்ன செய்யிறது?" என்றா. அம்மா இதைப் பகிடியாகத்தான் சொன்னா. ஆனால் கோழிகள் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

மட்டைக்கு இரண்டு பக்கம், விதையோ ஒன்றுதான் தேறியிருக்கிறது என்று நான் அழாக்குறையாகச் சொன்ன பிறகு, சப்பி இரண்டையும் காயவைத்துப் பார்க்கலாம் என்று அப்பா இறங்கிவந்து, முற்றத்தில் புழுங்கல் நெல் காயும் பாயின் ஓரத்தில் அவற்றை வைத்தார். நான் உள்ளே போய் நூல் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் எங்கள் வீட்டுக் கோழிகளும் அயல்வீட்டுக் கோழிகளும் கூடி, முத்து வைத்த ஸ்பொஞ்சு றப்பரைக் குரக்கன் தானியம் என்று நினைத்துக் கொத்தித் தீர்த்திருந்தன. நெல் முழுவதும் பக்கத்தில் கிடந்தும் அதில் ஒரு மணியைத் தொடவில்லை. எஞ்சிய துண்டைப் பார்த்தால் அம்மை வந்து மாறிய முகம்போல இருந்தது. அப்பா கொஞ்சமும் கலங்காமல், "கோழி தெரிவு செய்து தந்திட்டுது. மிச்சம் ரெண்டையும் ஒட்டு" என்றார்.

ஒட்டும் கட்டத்தில் அடுத்த வளவு ஐயாத்துரை மாமா சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலியூசனும் அரமுமாக வந்து சேர்ந்தார். "றப்பர் விசயமெண்டால் என்னட்டையெல்லோ முதலிலை கேட்டிருக்க வேணும், அண்ணை?" என்று அப்பாவை ஏசிவிட்டு வேலையைத் தொடங்கினார். முத்து றப்பரை ஒழுங்காக ஒட்டினார், அதைக் குறை சொல்லமாட்டேன். வழவழப்பான றப்பரைக் கையில் எடுத்தபோதுதான், "வழுக்கிற றப்பர் ஒருநாளும் பிடியாது பிள்ளை, உராஞ்சிப்போட்டுத்தான் ஒட்டவேணும்" என்றார். ஒட்டவேண்டியது ஸ்பொஞ்சுப் பக்கம். அவர் அரத்தால் உராய்ந்தது பந்து படவேண்டிய பக்கம். "ஐயோ மாமா, அது மேல்பக்கம்!" என்று நான் கத்தினேன். "ரியூபுக்கு ஏது பிள்ளை மேலும் கீழும்?" என்று முழுவதையும் உராய்ந்து முடித்துவிட்டார். பிறகு தன் பிழை விளங்கி, உராய்ந்த பக்கம் வெளியே வரத் திருப்பி ஒட்டிவிட்டு, தேத்தண்ணீரும் குடிக்காமல் போனார்.

இதுதான் நான் தெரிவு செய்த மட்டை. அப்பா, கோழி, ஐயாத்துரை மாமா என்று எல்லோரும் தெரிவு செய்தார்கள், நான் மட்டும் செய்யவில்லை. நேற்று விடுதிக்குப் பின்னால் சுவரில் அடித்துப் பார்த்தேன். முத்துப் பக்கம் பரவாயில்லை. உராய்ந்த பக்கத்தால் எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து பாதிவழியில் நித்திரை கொண்டதுபோல விழுகிறது. புனிதமலர் பார்த்துவிட்டு, "எடியே, உது மட்டையோ தோசைக்கல்லோ?" என்றாள். கதை முழுவதையும் சொன்னேன். கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

ஆகவே மாமா, தயவு செய்து வழவழப்பான றப்பரில் ஒரு துண்டை நீங்களே தெரிவு செய்து, நீங்களே ஒட்டும் விதத்தையும் எழுதி, வீட்டு விலாசத்திற்கு அனுப்பாமல் விடுதி விலாசத்திற்கு உடனே அனுப்புங்கள். தேர்வு அடுத்த புதன்கிழமை. இந்த இடம் கிடைக்காவிட்டால் அப்பா இனி மட்டையைத் தொடவிடமாட்டார். விளையாட்டு விசயத்தில் தலையிடவேண்டாம் என்று அவருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம். நீங்களும் மாமியும் சுகமாக இருக்கவும், உங்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கவும், பார்சல் நனையாமல் வந்து சேரவும் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மனமுடைந்த மருமகள்
அருந்ததி வீரகத்தி

பி.கு. (வியாழக்கிழமை இரவு): கடிதத்தைத் தபாலில் போடுவதற்கிடையில், விளையாட்டு ரீச்சர் கிறேஸ் தன் ஊர்க் கோயில் பெருநாளுக்குப் போகவேண்டுமென்று தேர்வை இன்றைக்கே வைத்துவிட்டா. புனிதமலர் பந்தை வெட்டிச் சுழற்றிச் சுழற்றிப் போட்டாள். அவசரத்தில் என் கையில் மட்டை திரும்பிவிட்டது. உராய்ந்த பக்கத்தை அடிக்காமல் சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன். பந்து சுழற்சி எல்லாம் இழந்து, வலையைத் தாண்டியதும் செத்ததுபோல விழுந்தது. அவள் வழக்கம்போல வீசினாள், வலையில் போட்டாள். பிறகு காற்றில் வீசினாள். பிறகு மேசையில் இடித்தாள். நான் வென்றுவிட்டேன், மாமா. ரீச்சர் மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உந்த றப்பரை ஆர் பிள்ளை தெரிவு செய்தது?" என்று கேட்டா. "நான்தான் ரீச்சர்" என்றேன். வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. எல்லாம் தெரிந்த புனிதமலர் என்னையே பார்த்துக்கொண்டு, "ஓம் ரீச்சர். அவளும் அவளின்ரை கோழியளும்" என்றாள். நல்லவேளை, ரீச்சருக்கு விளங்கவில்லை.

ஆகவே றப்பர் அனுப்பவேண்டாம். அப்பாவுக்கும் எழுதவேண்டாம், எழுதிவிட்டால் தலையிடச் சொல்லி இன்னொன்று எழுதுங்கள். மேலே உள்ள பந்திகளைப் படித்தவுடன் கிழித்துவிடுங்கள். புனிதமலர் இப்போது தன் பளபளப்பான மட்டையுடன் என் கட்டிலருகில் நின்று, சனிக்கிழமை காலையில் முரசுமோட்டைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்கிறாள். ஐயாத்துரை மாமா அரத்துடன் வீட்டில் இருப்பாரோ என்றும் கேட்கிறாள். விளக்கை அணைக்கும் மணி அடிக்கிறது, பதிலை அவளுக்கு இருட்டில் சொல்லிக்கொள்கிறேன்.