ரிப்பன் கட்டி வைத்த அண்ணன்

பட்டாபிராம்,
15.7.1993

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு,

பதினோராம் வகுப்பு கஸ்தூரியின் தகப்பன் கலியமூர்த்தி வணக்கம் சொல்லி எழுதுவது. தாங்களும் ஆசிரியப் பெருமக்களும் நலமாக இருப்பீர்கள். நாங்கள் நலமாக இல்லை.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு ரகுநாதனோடு பழகியது உண்மை. மறைக்கவில்லை. வேறொரு பையனிடம் நோட்டு வாங்கினாள் என்று அவன் அவள் கையை முறுக்கி, வளையல் உடைந்து, மணிக்கட்டில் மூன்று தையல். புகார் கொடுத்தேன். தாங்கள் வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து, ஆசிரியர்களுக்கு மாணவர் ஒழுக்கம் பற்றி ஒருநாள் முழுக்கப் பயிற்சி வைத்து, வடை காபியோடு முடித்து எடுத்த முடிவு என்ன? பெண்கள் இரட்டைப் பின்னலை மடித்துக் கட்ட வேண்டும். கஸ்தூரி அந்தப் பையனுக்கு ராக்கி கட்ட வேண்டும். ராக்கி விற்கிற மாதமும் இல்லை. டிரில் மாஸ்டர் விளையாட்டு விழாக் கோப்பையிலிருந்த ரிப்பனை அவிழ்த்து வந்தார். தையல் போட்ட கையாலேயே கட்டச் சொல்லி, பிரேயரில் எல்லாரையும் கைதட்ட வைத்தீர்கள்.

அன்றிலிருந்து அவன் அண்ணனாம். முன்பு ஒளிந்து நின்றவன் இப்போது பஸ் ஸ்டாப்பில் நடுரோட்டில் நிற்கிறான். "அண்ணன் கேக்கறேன்ல, யாராண்ட பேசிகினு இருந்தே?" என்று நேற்று எல்லார் எதிரிலும் அறைந்திருக்கிறான். தடுக்க வந்த பூக்காரம்மாவிடம், "என் தங்கச்சி, நீ இன்னா கேக்கறே?" என்றானாம். அந்தம்மாவும் விலகிவிட்டார். நான் தங்களிடம் ஓடி வந்தால், "அண்ணன் தங்கச்சி சண்டைக்கு ஸ்கூல் இன்னா சார் பண்ணும்?" என்கிறீர்கள். அண்ணனாக்கினதே நீங்கதானே ஐயா? என்னைக் கேக்காம என் குடும்பத்துல ஒரு பிள்ளையைச் சேர்க்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நான் தொழிற்சாலையில் பிட்டர். ஒருவன் கை மெஷினில் மாட்டினால் முதலில் ஸ்விட்சை அணைக்கணும், கை ஏன் அங்கே போச்சுன்னு அப்புறம்தான் கேக்கணும் என்று எங்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் வாத்தியார்களுக்கும் அதையே சொல்லிக் கொடுங்கள். அடிபட்ட பிள்ளை யாரிடம் சொல்லணும், அடித்தவனை என்ன செய்யணும் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பின்னலைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம்.

என் பெண் இனி அங்கே வரமாட்டாள். அவளுடைய டி.சி.யைக் கொடுத்துவிடவும். தங்கள் குடும்பத்தார் நோய்நொடியின்றி வாழ்க. வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் அவளாவது வேறு பள்ளியில் படிக்கட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படியத் தயாராக இல்லாத
கலியமூர்த்தி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் கஸ்தூரி இதைப் படித்துவிட்டாள். "அடிச்சது அவன். டி.சி. எனக்கு இன்னாத்துக்குப்பா?" என்றாள். வெட்கமாக இருந்தது. ஆகவே டி.சி. கேட்டதை அடித்துவிடவும். நாளைக் காலை இருவரும் வருகிறோம். அவள் வகுப்பில் உட்காருவாள். அவனை என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கும்வரை நான் தங்கள் அறையில் உட்காருவேன். ஒரு வாரம் லீவு போட்டாயிற்று.