பக்கத்தில இரிக்கிறவருக்கு என்ன செய்யுது?

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாய் எதற்கு இருக்கிறது என்று கச்சிமுகம்மதுக்கு விளங்கவில்லை. எதைக் கேட்பதென்றாலும் தாளில் எழுதித்தான் கேட்கிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தாள், மையித்தை அடக்கத் தாள். இப்போது குளிசை விழுங்குவதற்கும் ஒரு நீலத் தாள் வந்திருக்கிறது.

"என்ன புள்ள இது?" என்று கல்முனைக் கசநோய் கிளினிக்கின் வாங்கில் இருந்தபடி கேட்டார்.

டொக்டர் மர்ஷூதா பொறுமையாக விளங்கப்படுத்தினாள். இந்தக் குளிசைகள் நோயைச் சுகமாக்கும். ஆனால் சிலருக்கு ஈரலைத் தாக்கும், சிலருக்குத் தோலை, காதை. அதை நேரத்தோடு கண்டுபிடிக்க நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் போடுகிறார்கள். மருந்து என்ன செய்கிறது என்பதை நோயாளிகளே வாய்திறந்து சொல்வார்களா என்று சில கிளினிக்குகளில் பரீட்சித்துப் பார்க்கிறார்கள். இதுவும் அதில் ஒன்று. மாதக் கடைசியில் கொழும்பில் இருந்து ஆட்கள் வருவார்கள்.

கச்சிமுகம்மது நம்பவில்லை. கவர்மெண்ட் ஒரு மனிதனைக் கூப்பிட்டு 'உனக்கு எங்கே நோகுது' என்று கேட்டால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும். எழுபத்திரண்டு வயது வரைக்கும் அவர் கண்டது அதுதான்.

அவருக்கு வேறு அவசரமும் இருந்தது. சவளக்கடைப் பக்கத்து வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கும் வட்டவிதானை அவர். நோய் வந்ததில் இருந்து அந்த வேலையை மச்சான் மீராமுகைதீன் பார்க்கிறார். ஆறு மாதக் குளிசை, பெரும்போக விதைப்பைத் தீர்மானிக்கும் கமக்காரர்களின் கன்னாக் கூட்டத்துக்கு நாலு நாள் முந்தி முடியும். முடிந்தால் கூட்டத்தில் விதானை அவர்தான். இடையில் ஏதும் குறை சொல்லி, இவர்கள் குளிசையை நிறுத்தி, நாள் நீண்டால், மச்சான் அந்தக் கதிரையில் ஒட்டிக்கொள்வார்.

"உங்களுக்கு ஏதும் கஷ்டம் இரிக்கா, விதானையார்?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு கொறையும் இல்ல," என்றார்.

மகள் ஸுஹைறாவின் சமையல் இரண்டு கிழமையாகக் கெட்டுப்போய்விட்டது, வாயில் வைக்க முடியவில்லை, வைத்தாலும் வெளியே வந்துவிடுகிறது. வீட்டுச் சவர்க்காரமும் மட்டமானது, உடம்பெல்லாம் சொறிகிறது. ஆனால் அதெல்லாம் வீட்டு விஷயம். டொக்டருக்கு எதற்கு?

மர்ஷூதா அடுத்தவரிடம் போனாள். அவரும் அல்ஹம்துலில்லாஹ். தையல்காரர் இஹ்ஸான், அல்ஹம்துலில்லாஹ். முப்பத்தொரு பேரும் அதையே சொன்னார்கள். மீன்பிடிகாரர் அருளம்பலம்கூட, அந்த வாங்கில் இரண்டு மாதம் இருந்த பழக்கத்தில், "அல்ஹம்துலில்லா டொக்டர், முருகன் புண்ணியம்" என்றார்.

நீலத் தாள்கள் வெறுமையாகக் கொழும்புக்குப் போயின. அங்கிருந்து போன் வந்தது. உங்கள் கிளினிக்குக்கு மருந்து வானத்தில் இருந்து இறங்குகிறதா, அல்லது நீங்கள் கேட்கவே இல்லையா என்றார்களாம்.

மர்ஷூதா விடவில்லை. எழுத்தை எடுத்துவிட்டு, சிரிக்கிற முகமும் அழுகிற முகமும் வரைந்து தாள் அடித்தாள். எல்லோரும் சிரிக்கிற முகத்திலேயே புள்ளடி போட்டார்கள். சும்மா கிடைக்கிற மருந்தைப் பார்த்து அழுவது எப்படி? ஒருவர் அந்த முகத்துக்குத் தாடியும் வைத்துக் கொடுத்தார்.

பிறகு பள்ளிவாசல் இமாமைக் கூட்டிவந்தாள். வருத்தத்தைச் சொல்வது நன்றிகெட்ட வேலை அல்ல என்று அவர் அரை மணித்தியாலம் பயான் பண்ணினார். எல்லோரும் கண்கலங்கிக் கேட்டார்கள். பயான் முடிந்து டொக்டர் கேட்டபோது, இன்னும் உருக்கமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள்.

அன்று பகல் மர்ஷூதா மருந்தறையில் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் இருந்ததைக் கச்சிமுகம்மது கண்டார். அவருக்கு டொக்டர்மாரைப் பிடிக்காது. ஆனால் இந்தப் பெண் சாய்ந்தமருதில் இருந்து ஏழு மணிக்கு முன்னம் ஸ்கூட்டியில் வந்துவிடுவாள். குளிசைக்கு வராமல் போன ஒரு கிழவியைத் தேடி முழங்கால் தண்ணீருக்குள்ளால் நடந்து போனவள். அதைச் சொல்லிப் பாராட்டுவது அவர் பழக்கம் இல்லை.

"நீ கேக்கிறது பிழை, புள்ள," என்றார் வாசலில் நின்று. "கன்னாக் கூட்டத்தில ஒருத்தனுக்கிட்ட அவன்ட வயலக் கேட்டா, நல்லா இரிக்கி என்டுதான் சொல்லுவான். இல்லாட்டி வெக்கம். பக்கத்து வயலக் கேளு. எலி எத்தின வளை தோண்டியிரிக்கி என்டும் சொல்லுவான்."

அடுத்த நாள் கேள்வி மாறியது. 'பக்கத்தில இரிக்கிறவருக்கு என்ன செய்யுது?'

பத்து மணிக்குள் தாள் முடிந்து, போட்டோக்கொப்பி அடிக்க ஆள் ஓடியது. இஹ்ஸானுக்கு இரவில் கால் விறைக்கிறதாம். அருளம்பலத்துக்குக் காதுக்குள் வண்டு இரைகிறதாம். அதோடு நிற்கவில்லை. ஒருவர் குறட்டை விடுகிறார், ஒருவரின் மாடு அடுத்தவன் வேலியைத் தின்கிறது, ஒருவர் மாமியாரோடு கதைப்பதில்லை. ஒருவர் குளிசையை நாக்குக்கடியில் ஒளித்துக் கொண்டுபோய்க் கோழிக் கூட்டுக்குள் துப்புகிறார் என்றும் ஒரு தாளில் இருந்தது. எழுதியது யார் என்று கோழிக்காரருக்குத் தெரிந்ததும் வாசலில் சாரன் கிழிந்தது. மறுநாள் இரண்டு வீட்டுப் பெண்களும் வந்து மிச்சத்தைச் சண்டை பிடித்தார்கள்.

"உங்கட புத்தியால வந்த வினை, சாச்சா," என்றாள் கிளினிக்கில் குளிசை கொடுத்து, இரத்தம் எடுத்துத் திரியும் அஸ்பியா.

"பெட்டி வையுங்க," என்றார் கச்சிமுகம்மது. "எழுதினவன்ட பேரு வேணாம். ஆரப் பத்தி என்டு மட்டும் இரிக்கட்டும். உடம்பில உள்ளத மட்டும் எழுதட்டும். பூட்டுப் போட்டு, கொழும்பு ஆக்களுக்கு முன்னால திறங்க."

கடைசிக் கிழமை முழுதும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் அவரே காவல் இருந்தார், வயலில் தண்ணீர் திறக்கும் துருசடியில் இருப்பதுபோல. கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு போட்ட கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாததால் யாரைப் பார்க்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பயத்தில் மாடு, மாமியார் எல்லாம் நின்றுபோயின.

கொழும்பில் இருந்து மூன்று பேர் வந்தார்கள். கச்சிமுகம்மதையும் நோயாளிகள் சார்பில் முன் கதிரையில் இருத்தினார்கள். பெட்டி திறந்தது. மர்ஷூதா ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். ஏழெட்டுத் தாளுக்குப் பிறகு அவள் முகம் மாறியது. வேகமாக மிச்சத்தையும் புரட்டினாள்.

"முப்பது தாள்ல பதினெட்டு ஒரே ஆளப் பத்தி," என்றாள். "பேரு வாசிக்க மாட்டன். சாப்பிடுறல்லயாம். குளிசை எடுத்துட்டுப் பள்ளி மதிலுக்குப் பின்னால போய்ச் சத்தி எடுக்காராம். தொழுகைக்கு முகம் கழுவி வுளூ எடுக்கக்குள்ள பாத்தா கண் ரெண்டும் மஞ்சளாம்."

மூத்த அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை மர்ஷூதா தமிழில் சொன்னாள். இது ஈரல். அந்த மனிதர் இன்னும் ஒரு கிழமை குளிசையை விழுங்கினால் ஆள் மிஞ்சமாட்டார். எந்த இயந்திரமும் இல்லாமல் பதினெட்டுப் பேர் பிடித்துவிட்டார்கள். இந்தக் கேள்வியை நாடு முழுக்கப் போடும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

கச்சிமுகம்மதுக்குப் பெருமை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

"ஆரு அந்த அறிவில்லாத மனிசன்?"

"அவருக்கு ஏதோ அவசரம் போல, விதானையார். குளிசைய நிப்பாட்டினா நாள் நீளும் என்டு பயந்திருப்பார்."

"என்ன பெரிய அவசரம்? உசிரு போனா ஆருக்கு அவசரம்? அவன்ட புடரியில பிடிச்சி இழுத்து வந்து ரத்தத்த எடுங்க. குளிசைய இண்டைக்கே நிப்பாட்டுங்க. மாட்டன் என்டா வாட்டுல படுக்கப் போட்டுக் கட்டிலோட கட்டுங்க. நான் சொன்னனென்டு சொல்லுங்க."

"நீங்க சொன்னாச் சரி," என்றாள் மர்ஷூதா மெதுவாக, கதவடியில் நின்ற அஸ்பியாவைப் பார்த்துத் தலையை அசைத்தபடி.

கச்சிமுகம்மது எழும்பினார். கூட்டம் போதும். அந்தப் பள்ளி மதில் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. பெட்டி யோசனை அவருடையதுதான், அதற்காகத் தாளில் எழுதியதையெல்லாம் நம்ப முடியுமா? விறாந்தைக்கு வந்து, அன்றைய குளிசையை எடுத்துத்தரச் சொல்லி அஸ்பியாவிடம் கையை நீட்டினார்.

அவள் குளிசை கொடுக்கவில்லை. நீட்டிய கையைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"குளிசை இல்ல, சாச்சா. அந்தப் பதினெட்டுத் தாளும் உங்களப் பத்தித்தான்."

ஊசி ஏறி இறங்கியது. பிறகு, "அந்தப் பதினெட்டுப் பேரையும் கண் டொக்டருக்கிட்டக் காட்டச் சொல்லு," என்றுவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வாட்டைப் பார்த்து நடந்தார்.