முசே கரண்டின் தலைப்பட்டை

புதுச்சேரியிலேயே மூளைக்குத் தனியாகக் கரண்ட் கனெக்‌ஷன் வைத்திருந்த ஒரே மனுஷர் எங்கள் முசே கரண்ட்தான். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். 'முசே' என்றால் பிரெஞ்சில் ஐயா; சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

எங்கள் கிளப்பில் பெத்தாங்க் ஆடுவோம். இரும்புக் குண்டை வீசி, சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்; ஆட்டமே அவ்வளவுதான். முசேவின் மகன் பாரீஸிலிருந்து ஒரு தலைப்பட்டை அனுப்பினான். மூளைக்கு லேசாகக் கரண்ட் கொடுத்து ஆட்டத் திறமையைக் கூட்டுமாம். பயிற்சிக்கு முன்னால் கொஞ்ச நேரம் மாட்டினால் போதும். இவர் மீன் மார்க்கெட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும்கூட அதோடுதான் போனார்.

பட்டையில் இருக்கும் பஞ்சை உப்புத் தண்ணீரில் நனைக்க வேண்டும். அதற்காகக் காலையில் கடற்கரைக்குப் போய், ஊறுகாய் பாட்டிலில் கடலையே மொண்டு வருவார். "கடை உப்புல கரண்டு சோம்பேறியா ஓடும்மா" என்பார். ஒருநாள் ஸ்கூட்டரை மடக்கிய போலீஸ்காரர், "ஹெல்மெட் எங்க சார்?" என்று கேட்டார். "அது மண்டைய வெளியேர்ந்து காப்பாத்தும். இது உள்ளாற வேலை செய்யுது" என்று விளக்கிவிட்டு, அபராதமும் கட்டிவிட்டு வந்தார். இப்போது மகனிடம் போய்விட்டார். பாரீஸில் கடல் இல்லை என்று போனில் புலம்புகிறார்.

எனக்கு வேறு வியாதி. பயிற்சியில் பிரமாதமாகப் போடுவேன். போட்டி என்றால் கை உதறும். ஒரு வருஷம் கோப்பையே என்னால் போனது. மறுபடி சொதப்பினால் டீமில் இடமில்லை என்று செயலாளர் சொல்லிவிட்டார். யாரும் ஜோடி சேரப் பயந்த என்னை முசேதான் சேர்த்துக்கொண்டார்.

முதலியார்பேட்டை ஜோடியோடு இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் சமம்; இன்னும் ஒரு புள்ளி எடுப்பவருக்குக் கோப்பை. அவர்கள் குண்டெல்லாம் வீசியாயிற்று, எங்களிடம் மிச்சம் இரண்டே குண்டு. முதலில் நான், நான் கோட்டைவிட்டால் அவர். எனக்கு முழங்கை வரை உதறல்.

முசே பட்டையைக் கழற்றி என் தலையில் மாட்டினார்.

"ஐயோ முசே, அப்ப நீங்க?"

"எனக்கின்னாம்மா, நான் சொல்தா! நீ போடு."

கடல் தண்ணீர் நெற்றியில் வழிந்து கண்ணில் எரிந்தது. அந்த எரிச்சலில் பயப்பட மறந்து வீசிவிட்டேன். எதிராளியின் குண்டு தெறித்து ஓட, என்னுடையது மரக்குண்டை ஒட்டி நின்றது.

"பாத்தியா கரண்ட!" என்று கத்தினார் முசே.

ஜெயித்தது கரண்டா, கடல் தண்ணீரா, எனக்கு இன்றுவரை தெரியாது. சந்தோஷத்தில் அவர் பக்கம் திரும்பினேன். தன் திறமை முழுக்க அந்தப் பட்டையில்தான் இருக்கிறது என்று நம்பிய மனுஷர், வெறுந்தலையோடு நின்றிருந்தார். வீசத் தேவையில்லாமல் போன அந்தக் கடைசிக் குண்டு, அவர் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது.